140 கோடியில் 11 பேர் கிடைக்கலையா?

2025 அக்டோபர் 14. கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பை இந்தியா இழந்த ராத்திரி. கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வழக்கமான மெசேஜ் வந்தது: "140 கோடி பேர்ல 11 பேர் கிடைக்கலையா?" நீங்களும் எப்பவாவது இதை ஃபார்வர்ட் பண்ணியிருப்பீங்க. வியாசர்பாடிக்காரனான எனக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். நம்மைத் தோற்கடித்த சிங்கப்பூரில் மொத்தமே 60 லட்சம் பேர்தான்!

முதல்ல பழம்பெருமையை ஓரமா வெச்சிடலாம். 1964-ல் இந்தியா ஆசியாவில் இரண்டாம் இடம் என்று க்விஸ்ஸுக்குப் படிச்சிருப்பீங்க. உண்மைதான். ஆனா இஸ்ரேலில் நடந்த அந்தத் தொடரில் ஆடியதே 4 அணிகள். தகுதிச்சுற்றில் மற்றவர்கள் விலகியதால் நாம் ஆடாமலே உள்ளே போனோம். (அங்கே போய் தென் கொரியாவை 2-0 என்று ஜெயித்தது சும்மா இல்லை, அதையும் சொல்லணும்.) அப்புறம் 1984, 2011, 2019, 2023. ஐந்து தொடரும் சேர்த்து 16 மேட்ச். வெற்றி 3, டிரா 1, மீதி எல்லாம் தோல்வி. 1984-லும் 2023 தொடரிலும் ஒரு கோல்கூட இல்லை. 2019 ஜனவரி 6-ல் தாய்லாந்தை 4-1 என்று ஜெயிச்சப்போ எங்க தெருவுக்கு ஒன்பது நாள் முன்னாடியே பொங்கல் வந்தது. அடுத்த ரெண்டு மேட்ச்லயும் தோத்து வீட்டுக்கு வந்துட்டாங்க.

ஆள் இல்லாமலா? எங்க ஏரியாவை 'குட்டி பிரேசில்'னு சும்மா சொல்லலை. தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர் ரெண்டு பேரும் இந்திய ஜெர்சி போட்ட வியாசர்பாடி பசங்க. அவங்க அளவுக்கு ஆடினவங்க இன்னும் பலர் இங்கே இருந்தாங்க. பதினேழு, பதினெட்டு வயசுல ஷூவைக் கழட்டிட்டு வேலைக்குப் போயிட்டாங்க. எங்க அப்பா காலத்துல துறைமுகம், ஐசிஎஃப், ரயில்வே, இந்தியன் வங்கின்னு டீம் இருந்தது. நல்லா ஆடினா வேலை கிடைக்கும்னு வீட்டில் நம்பி அனுப்பினாங்க. இப்போ அந்த நம்பிக்கை யாருக்கு இருக்கு? 2025 ஜூலையில் ஐஎஸ்எல் சீசனையே நிறுத்தி வெச்சாங்க. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி செயல்பாடுகளை நிறுத்துறதா அறிவிச்சது. இதை டிவியில் பார்த்த எந்த அம்மா, "படிப்பை விடு, பந்து ஆடு"ன்னு சொல்வாங்க?

எண்ண வேண்டியது தலைகளை இல்லை. 13 வயசுப் பையன் வருஷத்துக்கு எத்தனை முறையான மேட்ச் ஆடுறான், 18 வயசுல அவனுக்குச் சம்பளம் யார் தர்றாங்க, இதைத்தான்.

நம்ம காலேஜையே பாருங்க. கிரவுண்ட் இருக்கு, போஸ்ட் இருக்கு. கடைசி பஸ் 4:30-க்குக் கிளம்பிடும், கிளாஸ் முடியுறது 4:10. அந்த இருபது நிமிஷம்தான் எங்க டீமோட ப்ராக்டிஸ். வாரத்தில் ரெண்டு நாளாவது 6:00 மணி பஸ் வேணும்னு மனு எழுதியிருக்கோம். வெள்ளிக்கிழமை லஞ்ச் டைமில் கேன்டீன் வாசலில் நிற்போம், வந்து கையெழுத்துப் போடுங்க.