கல் கிடந்த இடம்

மாமூத் என்னும் உரோமம் போர்த்த பெரிய யானையின் படத்தைக் காணும்போதெல்லாம், “இவையெல்லாம் குளிர்நாடுகளின் செல்வம், நம் பக்கத்தில் என்ன இருக்கிறது?” என்று எண்ணியவள் நான். சென்ற ஆண்டு வகுப்புத் தோழியருடன் அதிரம்பாக்கம் சென்று வந்தபின் அவ்வெண்ணம் மாறியது.

திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலையாற்றுப் பக்கம் உள்ள சிற்றூர் அது. 1863 மே 30 அன்று நம் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அதிரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். பின்னாளில் அங்கு அகழ்ந்த சாந்தி பப்பு அம்மையாரின் குழுவினர், அவ்வூர்க் கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுப் பழைமையானவை என்று 2011-இல் அறிவித்தனர்.

அகழ்வில் மூன்று விலங்குப் பற்களும் கிடைத்தன. ஒன்று எருமையுடையது, ஒன்று நீல்காய் மானுடையது, ஒன்று குதிரை இனத்தது. பனியூழிக் காலத்தில் அவ்விடம் நீர்வளமுள்ள திறந்தவெளியாக இருந்தது என்று அந்த மூன்று பற்களே சொல்லிவிட்டன! அவை எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்பது தெரிந்ததால்தான் அது முடிந்தது.

இதை அறியுமுன் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். அழகாயிருந்த கல்லொன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பூண்டி அகழ்வைப்பகத்தில் பொருள்களோடு அவை கிடைத்த ஊர்ப்பெயரையும் கண்டபோது மனம் உறுத்தியது. சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “எங்கே எடுத்தாய், நினைவிருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு நினைவில்லை.

“ஒரு கல் போனால் என்ன?” என்கின்றனர் தோழியர் சிலர். வருகிற ஒவ்வொருவரும் ஒன்று எடுத்தால் மிஞ்சுவது என்ன? அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், 1974-இல் வீடு கட்ட மேட்டை நிரவியபோது மாமூத் எலும்புகள் வெளிப்பட்டன. அங்கே வீடுகள் எழவில்லை. எலும்புகள் கிடந்த இடத்தின் மேலேயே கூரை எழுப்பிக் காக்கிறார்கள். இதுவரை 60-க்கும் மேற்பட்ட மாமூத்கள் அங்கே கண்டறியப்பட்டுள்ளன.

நம் முடிச்சூரிலும் நாள்தோறும் வீட்டுக்காக மண் தோண்டுகிறார்கள். எங்கள் வீடும் அப்படி எழுந்ததுதான். வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோண்டும்போது விந்தையான கல்லோ எலும்போ தென்பட்டால், ஒரு நாள் வேலையை நிறுத்தி, தொல்லியல் துறைக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றே பெற்றோரை வேண்டுகிறேன். தோழியரே, நீங்களும் பார்த்து வாருங்கள்; எடுத்து வராதீர்கள்.

என் கல் இன்றும் மேசைமேல் இருக்கிறது. ஊரில்லாத அந்தக் கல் எனக்கு எதையும் சொல்வதில்லை.

— பத்தாம் வகுப்பு மாணவி