இயந்திரத்துக்கு மங்கு தெரியுமா?

2025 ஆகஸ்டில் தனுஷ் நடித்த 'அம்பிகாபதி' தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது. 2013இல் வந்த படத்தில் நாயகன் இறந்துவிடுவான். இம்முறை கண் விழித்து எழுந்தான். உரிமை வைத்திருந்த ஈரோஸ் நிறுவனம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவையே மாற்றியிருந்தது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். இருந்தும் படம் திரையிடப்பட்டது.

சினிமாக்காரர் சண்டை, கோல சிலாங்கூரில் இருக்கும் நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. அந்த வசதி இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியிலேயே இருக்கிறது. போட்டிக்குத் தோட்ட வாழ்க்கை பற்றி ஒரு சிறுகதை வேண்டும் என்று தட்டினால், தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் கதை தயார். நடை சரளமாகத்தான் இருக்கும்.

ஆனால் அது எந்தத் தோட்டத்துக் கதை? இயந்திரம் தான் படித்த எழுத்திலிருந்துதான் எழுதுகிறது. இணையத்தில் உள்ள தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தமிழ். ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் புழங்கிய தமிழ் அதில் எவ்வளவு தேறும்? விடியுமுன் பெரட்டுக்கு நின்றது, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் காண்டாவில் சுமந்தது, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடியது, கிராணியிடம் கணக்குக் கேட்டு நின்றது எல்லாம் பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நின்றுவிட்டன. நம்பாதவர்கள் மங்கு என்றால் என்னவென்று அதனிடமே கேட்டுப் பார்க்கலாம்.

கதை எழுத உதவி தேடுவது நமக்குப் புதிதல்ல. 1950களின் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். எப்படி எழுதுவது என்று கற்றுக்கொடுத்தார்கள். யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. மலேசியத் தமிழ்ச் சிறுகதை வளர்ந்ததில் அந்த வகுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நாளிதழும் 2019இல் நின்றுபோனது.

பால்மரம் செம்பனையாகி, பல இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்து ஐந்து தோட்ட மக்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடியது செய்தியாகப் பதிவாகியிருக்கிறது. லயத்து வாசலில் உட்கார்ந்து அவர்கள் இரவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது செய்தியில் வராது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை எழுதினால்தான் உண்டு. அந்தப் பிள்ளையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், வேறு யாரோ வாழ்ந்த தோட்டம் நம் பெயரில் அச்சாகும்.

இயந்திரத்தைத் தொடவே கூடாது என்பதல்ல. ழகர ளகரப் பிழை பார்க்கட்டும். பாட்டி பேசுவதைக் கைப்பேசியில் பதிந்து எழுத்தாக்கித் தரட்டும். பிழைகளை நாம் திருத்திக்கொள்வோம். ஜப்பானில் 2024 ஜனவரியில் அகுதாகவா விருது பெற்ற ரியே குடான், நாவலில் சுமார் 5 விழுக்காடு சாட்ஜிபிடி தந்தது என்று தானே சொன்னார். நம் சிறுகதைப் போட்டிகளின் பாரத்திலும் அதற்கு ஒரு வரி ஒதுக்கலாம். நடுவர்களும் எழுதிய பிள்ளையை அழைத்து ஐந்து நிமிடம் பேசட்டும். கதையில் வரும் தோட்டம் எங்கே இருக்கிறது, பாட்டி எத்தனை மணிக்குப் பெரட்டுக்குப் போனார் என்று கேட்டாலே போதும்.