தோல் பதனிடுபவனின் வீட்டில்

தோல் தொழிலால் அறியப்படும் ராணிப்பேட்டையில், 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் வழிவந்த சபைகளுக்கு, முதற்சீடர்களின் வரலாற்றைக் கூறும் அப்போஸ்தலர் நடபடிகளின் 9, 10ஆம் அதிகாரங்களைவிட நெருக்கமான வேதப்பகுதி இருக்க முடியாது. செத்த விலங்கைத் தொடுவது தீட்டு என்று விதித்த யூத மரபில் வளர்ந்த பேதுரு, யோப்பா பட்டணத்தில் தோல் பதனிடும் சீமோனின் வீட்டில் பல நாள் தங்குகிறார். கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டென்று சொல்லலாகாது என்னும் தரிசனம் அவருக்கு அந்த வீட்டு மேல்மாடியில்தான் கிடைக்கிறது. தரிசனத்தின் நேர்ப்பொருள் யூதரல்லாத கொர்நேலியுவை ஏற்பதே என்றாலும், அது நிகழ்ந்த இடத்தை உரையாசிரியர்கள் விரைந்து கடந்துவிடுவது பெருங்குறை; இழிவென்று ஒதுக்கப்பட்ட தொழில் செய்பவன் அங்கே இரக்கத்துக்குரியவனாக அல்ல, அப்போஸ்தலருக்கு விருந்தளிக்கும் வீட்டுக்காரனாகவே நிற்கிறான். கிறிஸ்தவரான தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுக்கும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இன்றும் நடப்பில் இருக்கையில், சீமோனின் வழியே தம்மைக் கடவுளின் வீட்டார் என்று அறிந்துகொள்ளும் மக்களுக்கு அந்த அடையாளம் எந்தச் சான்றிதழையும் சார்ந்ததல்ல. ஆயினும் திருமணத்திலும் கல்லறையிலும் சாதி பார்க்கும் சபை எதுவாயினும், அது இந்த அதிகாரங்களை இன்னும் வாசிக்கவே தொடங்கவில்லை.