வடக்கத்தி ஆள் வந்தால் மேலூரில் கூலி குறையுமா?

"இந்திக்காரங்க வந்துதான் நம்ம கூலி போச்சு." மேலூர் டீக்கடையிலும் கேட்கும் பேச்சு. உண்மையா?

1980-ல் சுமார் 1.25 லட்சம் கியூபர்கள் அமெரிக்காவின் மயாமியில் வந்திறங்கினர். உள்ளூர்க் கூலி சரியவில்லை என்றார், பின்னாளில் நோபல் வாங்கிய டேவிட் கார்டு. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்குச் சரிந்தது என்றார் ஜார்ஜ் போர்ஹாஸ். சண்டை இன்னும் ஓயவில்லை.

மேலூர் கட்டட வேலையில் பாருங்கள். கூடுதல் ஆள் கிடைத்தால் கொத்தனாருக்கு வேலை கூடத்தான் செய்யும். அடி விழுவது சித்தாளுக்கு. ஏஜென்ட் கூட்டிவரும், மொழி தெரியாத ஆளுக்குக் குறைத்துக் கொடுத்தே ஓட்டிவிடலாம் இல்லையா? அதே வேலைக்கு உள்ளூர்க் கூலியே தரணும் என்று 1979-லேயே சட்டம் வந்தது. கேட்கத்தான் ஆளில்லை. தொழிலாளர் துறை ஒப்பந்ததாரரின் கூலிப் பதிவேட்டைப் புரட்டட்டும். பீகார்க்காரருக்கு முழுக் கூலி என்றால், மேலூர் சித்தாளை ஒதுக்கி அவருக்கு என்ன லாபம்?