பன்னிரண்டு துண்டு, ஒரு கிண்ணம்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத் தச்சுப் பட்டறைகளில் மூலையில் ஒரு சாக்கு மூட்டை கிடக்கும். நிலைக்கும் ஜன்னலுக்கும் அறுத்தது போக மிஞ்சிய தேக்கு, வேம்பு, பலா, வாகைத் துண்டுகள். எல்லாமே உள்ளங்கை அளவு. சாயங்காலம் யாராவது அடுப்புக்கு எடுத்துப் போவார்கள். அந்த மூட்டையில் இருப்பதை ஒட்டி, லேத்தில் கடைந்து, கிண்ணமோ வெற்றிலைத் தட்டோ செய்யலாம் என்றால் முதலில் வரும் கேள்வி, “ஒட்டுன மரம் நிக்குமாண்ணே?” என்பதுதான்.

கேள்வியில் நியாயம் உண்டு. ‘ஒட்டு’ என்றாலே நம்மிடம் ஒரு மாற்றுக் குறைவு. தஞ்சாவூர் வீணையில்கூட ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்குத்தான் மவுசு. குடம், தண்டி என்று தனித்தனியே செய்து இணைக்கும் ஒட்டு வீணை அடுத்த படியில்தான். விழுப்புரத்துக்குப் பக்கத்துப் பண்ருட்டிப் பலாவில் வாத்தியம் செய்பவர்களும் முழு மரமாகத்தான் தேடுவார்கள்.

கிண்ணத்தில் மட்டும் கணக்கு வேறு. கார்த்திகை மழையில் கதவு இறுகுவதும் சித்திரையில் தளர்வதும் எல்லா வீட்டிலும் நடப்பது. மரம் அகலவாக்கில்தான் அதிகம் உப்பிச் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. முழுக் கட்டையில் கடைந்த கிண்ணம் காயும்போது வட்டம் கோணி முட்டை வடிவமாகும். சில நேரம் வெடிக்கும். சிறு துண்டுகளை வளையமாக ஒட்டும்போது ஒவ்வொரு துண்டின் நாரும் வட்டத்தின் ஓரத்தையொட்டியே ஓடுகிறது. அதனால் வட்டம் வட்டமாகவே நிற்கும். ஒழுங்காக ஒட்டினால்தான்.

ஒரு வளையத்துக்கு வழக்கமாகப் பன்னிரண்டு துண்டு. ஒவ்வொன்றின் இரு முனையையும் 15 டிகிரி சாய்வில் அறுக்க வேண்டும். மொத்தம் 24 முகம், 360 டிகிரி. வெளி விட்டம் 20 செ.மீ. வேண்டுமானால் துண்டின் வெளிப்பக்க நீளம் சுமார் 5.4 செ.மீ. அறுப்பில் கால் டிகிரி பிசகினால் என்ன என்று தோன்றும். 24 முகத்திலும் அதே கால் டிகிரி சேர்ந்தால் ஆறு டிகிரி. கடைசித் துண்டு சேரும் இடத்தில் ஏறத்தாழ ஒரு செ.மீ. இடைவெளி! அதைப் பசையும் மரத்தூளும் வைத்து அடைப்பவர்கள் உண்டு. பார்வைக்கு மறையும், பலம் வராது.

இதற்குக் கைப்பழக்கம் உள்ளவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆறாறு துண்டாக இரண்டு அரை வட்டம். அவை சந்திக்கும் இரு இடத்திலும் பசை போடாமல் ஒரு சிறு குச்சியை நடுவில் வைத்து, முழு வளையத்தையும் சைக்கிள் டியூபை வெட்டிய பட்டையால் சுற்றிக் கட்டிவிடுவது. காய்ந்ததும் குச்சியை எடுத்துவிட்டு, கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் அரை வட்டத்தின் இரு முனையையும் ஒருசேரத் தேய்த்தால் பிசகு அத்தனையும் அங்கேயே போய்விடும். பிறகு இரண்டையும் ஒட்டலாம்.

அடுத்தது பசை. அந்தக் காலத் தச்சர்களுக்கு வச்சிரம். மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சிய பசை. சுடச்சுட வைத்திருந்து பூச வேண்டும், நாற்றமும் சகிக்காது. 1959-ல் பெவிகால் வந்து, நேராகத் தச்சர்களிடமே கொண்டுபோய் விற்கப்பட்டு, அந்தப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தது. வெள்ளைப் பசையில் இருக்கும் தண்ணீரை மரம் உறிஞ்சினால்தான் பிடிப்பு. ஆனால் வளையத் துண்டின் முனை நார் அறுபட்ட முகம். ஸ்ட்ரா மாதிரி பசையை உள்ளே இழுத்துவிடும். முதலில் மெல்லிய பூச்சு ஒன்று, சில நிமிடம் கழித்து இரண்டாவது, அப்புறம்தான் சேர்க்க வேண்டும். இணைப்பில் சின்னச் சின்ன முத்தாகப் பசை பிதுங்கினால் போதும். கிளாம்பை முறுக்கு முறுக்கென்று முறுக்கினால் உள்ளே பசையே மிஞ்சாது. தேக்கும் ஈட்டியும் எண்ணெய்ப் பசை உள்ள மரங்கள். அவற்றைத் தேய்த்த அன்றே ஒட்டிவிடுவது நல்லது.

வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது கொத்தனார் செங்கல் வைக்கிற மாதிரிதான். கீழ் இணைப்புக்கு நேரே மேல் இணைப்பு வரக்கூடாது. உண்மையான பலம் இந்த அடுக்கில் இருக்கிறது. ஏமாற்றுவது அடிப்பலகை. அகலமான முழுப் பலகையை உள்ளே இறுக்கிப் பதித்தால், மழைக்கு அது உப்பி வளையத்தையே பிளந்துவிடும். ஒட்டுப்பலகை அந்த இடத்துக்குப் பாதுகாப்பு.

இந்த ஊர்களில் மழையைச் சாதாரணமாக எண்ண முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, இரு ஊருக்கும் நடுவில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. அப்படிப்பட்ட ஈரத்தில் ஒரு மணி நேரத்தில் கட்டை அவிழ்ப்பது வீண் வேலை. சாதாரண நாளிலேயே லேத்தில் ஏற்றுமுன் 24 மணி நேரம் விட வேண்டும். மழை நாளில் இரண்டு நாள்.

அவசரப்பட்டால் சேதம் கிண்ணத்தோடு போகாது. பச்சை இணைப்பு லேத் வேகத்தில் விட்டால் துண்டு முகத்துக்கு நேரே பறக்கும். முகக் கவசம் கட்டாயம். குறைந்த வேகத்தில் தொடங்கி, லேத்தைப் போடும்போது ஒதுங்கி நிற்க வேண்டும். துண்டு, துப்பட்டா, தளர்ந்த கைலி எதுவும் அருகில் ஆகாது. ஈட்டி மரத்தூள் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் மாஸ்க்கும் வேண்டும்.

வீட்டுக்கு வந்த கிண்ணத்தில் வெற்றிலை பாக்கு, முந்திரி, சாவிக்கொத்து வைக்கலாம். சூடான சாம்பாரோ தண்ணீரோ வேண்டாம், சாதாரண வெள்ளைப் பசை இரண்டுக்கும் இளகும். பலாத் துண்டின் மஞ்சள் நாளாக ஆக வெளிச்சத்தில் பழுப்பாகும். அதற்கு யாரும் பட்டறையில் போய்ச் சண்டை போட வேண்டியதில்லை.