மூத்தோரின் விவரங்கள் களவு போனால்...

பெற்றோரை ஒரு முதியோர் இல்லத்திலோ ஓய்வுக்காலக் குடியிருப்பிலோ சேர்க்க முடிவு செய்யும் பிள்ளைகள், அறையில் காற்றும் வெளிச்சமும் உண்டா, உணவு உடலுக்கு ஒத்துக்கொள்ளுமா, அழைத்த நேரத்தில் மருத்துவர் வருவாரா என்றெல்லாம் கேட்டறிகின்றனர். அது நன்றே. ஆயினும், சேர்க்கைப் படிவத்தோடு நாம் கொடுக்கும் காகிதங்கள் யார் கையில் போய்ச் சேருகின்றன என்று கேட்போர் மிக அரியர்.

அக்காகிதங்கள் எவை? ஆதார் அட்டையின் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கம், ஓய்வூதிய ஆணை, மருத்துவச் சீட்டுகள், வெளியூரில் வாழும் மக்களின் கைப்பேசி எண்கள். ஒரு மனிதரின் வாழ்வு முழுவதும் அந்த ஒரு கோப்பில் அடங்கிவிடுகிறது. முன்னாளில் அது இரும்பு அலமாரியில் கிடந்தது. இந்நாளில் கணினியில் ஏறிவிட்டது. அலமாரியை உடைக்கத் திருடன் நேரில் வரவேண்டும்; கணினியை உடைக்க அவன் கடல் கடந்தும் வரவேண்டியதில்லை.

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, வடகரை வட்டாரங்களில் பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் பிழைக்க, பெற்றோர் மட்டும் ஊரில் தங்கிய வீடுகளை நாம் அறிவோம். ஒருநாள் அந்தத் தாயின் கைப்பேசி ஒலிக்கிறது. பேசுபவன் அவர் பெயரையும், அவர் உட்கொள்ளும் மருந்தையும், மகன் வேலை செய்யும் ஊரையும் சரியாகச் சொல்கிறான். இத்தனையும் அறிந்தவன் அந்நியனாக இருக்க முடியாது என்று அவர் நம்பிவிடுகிறார். விவரக் கசிவின் உண்மையான ஆபத்து இதுவே. களவு போவது காகிதமன்று. நம்பிக்கையைப் பெறும் திறவுகோல்.

இது வீண் அச்சமன்று. 2019 நவம்பரில், அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட முதியோர் பராமரிப்பு நிறுவனங்களுக்குக் கணினிச் சேவை வழங்கிவந்த ஒரு நிறுவனத்தைக் கணினிக் கொள்ளையர் முடக்கினர். 1 கோடியே 40 லட்சம் டாலர் கேட்டனர். முதியோரின் மருந்துக் குறிப்புகளைக்கூட எடுக்க இயலாமற்போகுமோ என்ற கலக்கம் எழுந்தது. நம் தமிழ்நாட்டிலும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் வழியே எவரும் எடுக்கத்தக்க நிலையில் இருந்தமை 2024 செப்டம்பரில் வெளியாயிற்று. பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் ஆகியவற்றோடு நோய் விவரங்களும் அவற்றுள் இருந்தன. மூன்று கோடிக்கு மேற்பட்டோரின் விவரங்கள் தன்னிடம் உள்ளன என்றான் களவாடியவன். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடி இடைக்காலத் தடையாணை பெற்றது. எனினும், ஒருமுறை சிந்திய நீரை எந்த ஆணையால் முழுதும் அள்ள முடியும்?

ஆகவே, இத்தகைய இடர் நேர்ந்தால் நாம் தட்டத்தக்க கதவுகள் எவை என்பதை முறையாகக் காண்போம்.

முதலாவது, பணத்தைக் காத்தல். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். வங்கிக்கும் அன்றே அறிவித்து, முறையீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிழை வங்கியிடமும் இன்றி, வாடிக்கையாளரிடமும் இன்றி, வேறோரிடத்தில் நேர்ந்திருக்குமாயின், வங்கி தகவல் அனுப்பியதிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் நெறி வகுத்தது. ஓ.டி.பி. எண்ணைத் தாமே சொல்லிவிட்டவர் நிலை வேறு. தெரிவிக்கும்வரை நேர்ந்த இழப்பு அவரையே சாரும். அவருங்கூடத் தெரிவித்த பின்னர் நேரும் இழப்புக்குப் பொறுப்பாளி அல்லர். எனவே ஒவ்வொரு மணி நேரமும் பணமதிப்புடையது.

இரண்டாவது, எழுத்தில் கேட்டல். எந்தெந்த விவரங்கள் கசிந்தன, எப்போது கசிந்தன, அவை யாருடைய கணினியில் இருந்தன, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்டு இல்லத்தின் நிர்வாகத்திற்குப் பதிவஞ்சலில் கடிதம் அனுப்ப வேண்டும். நேரில் சென்று சத்தமிடுவதைவிட, ஒப்புகைச் சீட்டோடு கூடிய ஒரு பக்கக் கடிதம் பின்னாளில் பத்து மடங்கு பயன் தரும். சேர்க்கை ஒப்பந்தம், கட்டண ரசீதுகள், வந்த குறுஞ்செய்திகள், அழைப்பு வந்த எண்கள் அனைத்தையும் ஒரே உறையில் இட்டு வையுங்கள்.

மூன்றாவது, காவல்துறை. பிறருடைய அடையாளத்தைக் களவாடிப் பயன்படுத்துதலும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதலும் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளின்கீழ் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றங்கள். ஒப்பந்தத்தின் பேரில் பெற்ற விவரத்தை, தீங்கு விளையும் என அறிந்தே பிறருக்குக் கொடுத்த ஊழியரும் 72ஏ பிரிவின்கீழ்த் தண்டனைக்குரியவர்.

நான்காவது, இழப்பீடு. நம்மவர் பலரும் அறியாத கதவு இதுவே. அதே சட்டத்தின் 43ஏ பிரிவு, மருத்துவக் குறிப்பு, வங்கி விவரம் போன்றவற்றைக் கணினியில் வைத்திருக்கும் நிறுவனம் பாதுகாப்பில் அசட்டையாயிருந்து ஒருவருக்கு இழப்பு விளைவித்தால் ஈடு செய்ய வேண்டும் என்கிறது. ரூ. 5 கோடி வரையிலான கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரம், தீர்ப்பளிக்கும் அலுவலர் என்ற முறையில் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளருக்கு உண்டு. கோரும் தொகைக்கேற்பக் கட்டணம் செலுத்த வேண்டும்.

இவ்வழியில் பயன் உண்டா என ஐயுறுவோர்க்கு நம் பக்கத்துத் தூத்துக்குடியே சான்று. அங்குள்ள ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒருவர், 2007இல் வங்கியின் பெயரால் வந்த பொய் மின்னஞ்சலை நம்பி விவரங்களைத் தந்து, ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் இழந்தார். பிழை அவருடையதே என்றது வங்கி. அவர் தமிழகத்தின் தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் முறையிட்டார். வங்கி போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யவில்லை எனக் கண்ட அலுவலர், ரூ. 12.85 லட்சம் தருமாறு 2010 ஏப்ரலில் ஆணையிட்டார். அது 43ஆம் பிரிவின்கீழ் எழுந்த ஆணை. வங்கி மேல்முறையீடு செய்தது. 2019இல் தீர்ப்பாயமும் வாடிக்கையாளர் பக்கமே நின்றது. வழி நெடியது, ஆயினும் அடைபட்டதன்று. ஏமாந்தவருக்கும் சட்டம் செவி சாய்த்தது என்பதை மனத்தில் இருத்துவோமாக.

ஐந்தாவது, நுகர்வோர் ஆணையம். கட்டணம் பெற்று நடத்தப்படும் குடியிருப்பு சேவை விற்கிறது. அதன் குறைபாட்டுக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிடலாம். முறையிடுபவர் வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அச்சட்டம் இடமளிக்கிறது. செலுத்திய தொகை ரூ. 5 லட்சத்திற்கு மிகாதாயின் கட்டணமில்லை. ஈராண்டுகளுக்குள் முறையிட வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியற்றோர் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு.

இனி, புதிய சட்டத்தைப் பற்றி ஒரு சொல். எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான பிரிவுகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. விவரம் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். பாதுகாப்பில் தவறியோர்க்கு ரூ. 250 கோடி வரை தண்டம் விதிக்கலாம். வேலையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு இல்லத்தையே சாரும். தமக்கு இயலாமை நேர்ந்தாலோ தாம் இறந்தாலோ தம் உரிமையைச் செலுத்த ஒருவரை நியமிக்கும் உரிமையும் அதில் உண்டு. மூத்தோர்க்கு இது பெருந்துணை.

ஆனால் கவனிக்க: அந்தத் தண்டத் தொகை அரசின் கருவூலத்திற்கே செல்லும், இழந்தவர் கைக்கு வராது. மேலும், புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும் நாளில் 43ஏ பிரிவு நீக்கப்படுகிறது. எனவே, இப்போதே இழப்புக்கு ஆளானோர் நாளை பார்த்துக்கொள்வோம் என்று காத்திராமல் உடனே வழக்கறிஞரை நாடுதல் அறிவுடைமை.

கட்டணமின்றி அறப்பணியாக நடத்தப்படும் இல்லங்களைப் பற்றியும் கேட்கலாம். இலவசச் சேவை நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்குள் வராது. வணிகமோ தொழிலோ அல்லாத அமைப்பு 43ஏ பிரிவுக்குள் அடங்குவதும் அரிது. ஆனால் புதிய சட்டம் இலவசம், கட்டணம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நம் பங்குகளில் முதியோரைப் பேணும் இல்லத்தார் இதை இப்போதே எண்ணிப் பார்த்தல் நலம். தேவைக்கு மேற்பட்ட நகல்களை வாங்காதிருத்தல், கணினிக்குக் கடவுச்சொல் இடுதல், விடைபெற்றுச் சென்ற ஊழியரின் அனுமதியை அன்றே நீக்குதல், மூத்தோரின் ஆவணங்களை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பாதிருத்தல் ஆகியவற்றிற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கை 2012இல் தொடுத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமிக்கு அப்போது வயது 86. உரிமை கேட்க முதுமை தடையன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இவையனைத்திற்கும் முன்னே திறக்கவேண்டிய கதவு ஒன்று நம் வீட்டிலேயே உள்ளது. ஏமாந்த முதியவர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. “இந்த வயதில் புத்தி எங்கே போயிற்று?” என்று மகன் கேட்பானோ, மருமகள் முகம் சுளிப்பாளோ என அஞ்சி மறைத்துவிடுகிறார். அந்த மௌனத்தில் மூன்று வேலை நாட்களும் கழிந்துவிடுகின்றன. கள்வனுக்கு அதுவே பெரிய பாதுகாப்பு. ஆதலின், “எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், அப்பா, நாங்கள் கோபிக்க மாட்டோம்” என்று இன்றே அவர்களிடம் கூறுங்கள். அச்சொல்லை நம்பி அவர் வாய் திறந்தால்தான், மேலே கூறிய சட்டங்கள் எல்லாம் அவருக்குத் துணை நிற்கும்.