மந்திர நாடு என்னும் பழி

ஆடி அமாவாசை நாளில் அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலயத் தீர்த்தத்தில் நீராடுதற்கு எழுவான்கரையிலிருந்தும், வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்தும் சனங்கள் திரள்வர். இறந்த தந்தையை நினைந்து ஒருவன் நீரில் மூழ்கி எழுகிறான். அவனுடைய துயரமும், அதற்கு அவன் தேடும் ஆறுதலும் எவருடைய பரிசோதனைக்கும் உரியன அல்ல. ஆயின் அதே மனிதன் வீடு திரும்பும் வழியில் பாம்பினால் தீண்டப்பெற்று, வைத்தியசாலைக்குச் செல்லாது ஓதிய நீரை அருந்துவானாயின், அங்கே எழுவது பக்தி பற்றிய வினா அன்று. உண்மை பற்றிய வினா. 'இந்நீர் விடத்தை இறக்கும்' என்பது உலகைப் பற்றிய ஒரு கூற்று. அத்தகைய கூற்று எதுவாயினும் சோதனைக்கு உட்பட்டே ஆகவேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டி, முன்னதற்குரிய மரியாதையைப் பின்னதற்கும் பெற்றுக்கொள்வதே மந்திரத் தொழிலின் முதல் தந்திரமாகும்.

மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்னும் பேச்சு யாழ்ப்பாணத்திலே தலைமுறை தலைமுறையாக வழங்கிவருவது. வணிகத்தின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் கிழக்கே வந்தவருட் சிலர் இங்கேயே மணம்புரிந்து தங்கிவிட்டனர். அதற்குக் கற்பிக்கப்பட்ட காரணம் வசியம். உண்மைக் காரணத்தைத் தேட நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. வயல்வளமும் வாவிவளமும் ஒருபுறம் இருக்க, தாய்வழிக் குடிமுறை நிலவும் இப்பிரதேசத்திலே வீடு மகளுக்கு உரியது. மணம்புரிந்தவன் மனைவியின் வீட்டிலே குடியேறுவதே வழமை. மருமகன் தங்கிவிட்டமைக்குப் போதிய விளக்கம் இதிலேயே உண்டு. ஆராயவேண்டியிருந்தது ஒரு சமூக அமைப்பு. சொல்லப்பட்டதோ ஒரு மாயக்கதை. தன் வழமையினின்று வேறுபட்ட ஒன்றை விளங்கிக்கொள்ள மனமில்லாதவன் அதனை மந்திரம் என்றான். இதனினும் வருந்தத்தக்கது, அப்பழிச்சொல்லை இப்பிரதேசத்தவரே காலப்போக்கிற் பெருமையாக ஏற்றுக்கொண்டமை. 'மந்திரத்திற்குப் பேர்போன மண்' என்று மேடைதோறும் முழங்குவோர், தம்மீது வீசப்பட்ட கல்லை எடுத்துக் கிரீடத்திற் பதித்துக்கொண்டவராவர்.

இந்த மண்ணின் அறிவு மரபு அதுவன்று. அதற்குச் சான்று அவ்வாவியே ஆகும். நிலாக்காலத்து இரவுகளிற் கல்லடிப் பாலத்தின் அருகே நீருக்குள்ளிருந்து எழும் இன்னொலியைப் 'பாடும் மீன்' என உலகம் அறியும். 1848ஆம் ஆண்டில், அந்நாளைய குடியேற்றச் செயலாளரான ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் இவ்வொலியைக் கேட்க மீனவருடன் தோணியிற் சென்றார். அவர் 1859இல் வெளியிட்ட நூலில் அவ்வனுபவம் பதிவாகியுள்ளது. தோணியின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி பெருகிற்று; சில இடங்களில் ஒலி மிகுந்தது; அப்பாற் சென்றபோது முற்றாக மறைந்தது; முன்னைய இடத்திற்கு மீண்டதும் மறுபடி எழுந்தது. ஆகவே ஒலியை எழுப்புவன நீந்தித் திரியும் மீன்களாக அன்றி, ஓரிடத்தில் நிலைத்திருப்பனவாக இருத்தல் வேண்டும் என அவர் கருதினார். இது மீனவர் முன்னரே அவருக்குக் கூறிய செய்தியோடு பொருந்திற்று. பாடுவது மீனன்று, ஊரியினம் என்பதே அவர்கள் கூற்று. முடிந்த முடிபு எதுவாயினும் ஆகுக. இங்கே கருதத்தக்கது நெறி. எழுத்தறியாத மீனவர், தெய்வ கன்னியர் நீருக்குள் இசைக்கின்றனர் என்று கூறி அமையவில்லை. காதுகொடுத்துக் கேட்டு, இடத்தையும் உயிரையும் தேடி, காரணம் கண்டனர். விஞ்ஞானம் மேனாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கிய சரக்கு என்போர் இந்தத் தோணியைச் சற்று எண்ணிப்பார்ப்பார்களாக.

இந்நெறியை விடகடி மந்திரத்தின்மேற் செலுத்துவோம். 'நூறுபேருக்குப் பார்வை பார்த்தார். தொண்ணூறுக்குமேற் பிழைத்தனர்' என்பது அதன் சார்பாகக் கூறப்படும் தலையாய வாதம். இலங்கையில் 2012–2013ஆம் ஆண்டுகளில் வீடுதோறும் சென்று நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வு, ஆண்டொன்றில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்பினாற் கடிக்கப்படுவதாகவும், அவருள் ஏறத்தாழ 30,000 பேருக்கே உடலில் நஞ்சேறுவதாகவும், 460 பேரளவில் இறப்பதாகவும் மதிப்பிட்டது. கடிபட்ட எண்மரில் ஐவருக்கு நஞ்சேறுவதே இல்லை. கடித்தது நஞ்சில்லாப் பாம்பாக இருக்கலாம். நச்சுப்பாம்பாயினும் நஞ்சைச் செலுத்தாது விட்டிருக்கலாம். அவர்களுக்கு மந்திரம் ஓதினாலும் பிழைப்பர், ஓதாதுவிடினும் பிழைப்பர். அவ்வாறாயின் ஒன்றுமே செய்யாத ஒருவரும் பெரும் விடகடி வைத்தியர் எனப் பெயரெடுக்கலாம்! பிழைத்தவன் ஊரெங்கும் புகழ் பரப்புவான். இறந்தவன் பேசமாட்டான். அவன் வீட்டாரோ விதி என்று அமைவர். வெற்றிகள் மந்திரத்தின் கணக்கிலும் தோல்விகள் விதியின் கணக்கிலும் எழுதப்படும் ஏட்டிலே நட்டம் என்றேனும் தோன்றுமா?

நட்டமடைவோர் எஞ்சிய மூவர். படுவான்கரை வயலிலே காவலுக்குச் சென்று நிலத்திற் பாய்விரித்து உறங்குபவனைக் கட்டுவிரியன் கடித்தால், பலவேளை வலியும் வீக்கமும் தோன்றுவதில்லை. பின்னர் இமை சரியும், நா குழறும், ஈற்றில் மூச்சுத்தசைகள் செயலிழக்கும். அவனைக் காப்பது நேரம். ஓதலுக்கும் நூல்கட்டுதலுக்கும் கழியும் ஒவ்வொரு நாழிகையும் அவனுடைய உயிரிலிருந்து எடுக்கப்படுவதாகும்.

'பாட்டன் பூட்டன் கண்ட மருத்துவத்தை இகழலாமா?' என்பது அடுத்த வாதம். இகழ்வது வேறு, அளந்து பார்ப்பது வேறு. சர்ப்பகந்தி என்னும் மூலிகை பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் நெடுங்காலம் வழங்கப்பட்டது. இந்திய மருத்துவர் ருஸ்தொம் ஜல் வகீல் அதனை இரத்த அழுத்த நோயாளரிடம் ஆராய்ந்து 1949இல் முடிவுகளை வெளியிட்டார். 1952இல் அதன் வேரிலிருந்து றிசேர்ப்பின் என்னும் மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் ஆற்றல் நிறுவப்பட்டது. பாம்பு விடத்தை முறிக்கும் ஆற்றல் நிறுவப்படவில்லை. மூலிகை ஒன்றே; அதைப் பற்றிய கூற்றுகள் பல. அவற்றுள் மெய் எது, பொய் எது எனப் பிரித்தறிவதற்குப் பழமை உதவவில்லை, சோதனையே உதவிற்று. முன்னோர் தந்த செல்வத்தில் நெல்லும் உண்டு, பதரும் உண்டு. தூற்றிப் பார்ப்பவனே அவர்களுக்கு உண்மையான வாரிசு.

'ஆங்கில வைத்தியம் மட்டும் தவறிழைப்பதில்லையா?' எனவும் கேட்பர். இழைக்கின்றது. விடமுறி மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை விளைக்கின்றது. அதனைத் தடுப்பதற்கெனச் சில மருந்துகள் வழமையாக வழங்கப்பட்டு வந்தன. இலங்கை வைத்தியசாலைகளில் 1,007 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு, சிற்றளவான அட்ரினலின் பயன்தருகின்றது என்றும், வழமையான ஐதரோகோட்டிசோனும் புறோமெதசினும் அவ்வாறு பயன்தரவில்லை என்றும் காட்டிற்று. தன் வழமையைத் தானே கூண்டிலேற்றிக் குற்றங்காணும் துணிவு அங்கே உண்டு. தான் ஓதிய மந்திரம் பலிக்கவில்லை எனக் கணக்கெழுதி வெளியிட்ட மந்திரவாதி எங்கேனும் உண்டா? 1963இல், மோசடிக்கு இடமில்லாத நிபந்தனைகளின் கீழ் அமானுட ஆற்றலை நிரூபிப்பவருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக அறைகூவினார் ஆபிரகாம் கோவூர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே ஆசிரியராயிருந்தவர் அவர். 1978இல் அவர் மறையும்வரை அப்பணத்தைப் பெற்றவர் எவருமிலர்.

இவை யாவும் பாமரருடைய அறியாமை எனக் கற்றோர் ஒதுங்கிக்கொள்வதற்கும் இடமில்லை. 2020 டிசம்பரில், காளிதேவி அருளியதாகக் கூறப்பட்ட ஒரு பாணியைப் பெறக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றனர். கொரோனாவைத் தடுக்கும் என்ற அப்பாணியை நாட்டின் சுகாதார அமைச்சரே பலர்முன் அருந்திக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கு அந்நோய் தொற்றிற்று; அவர் சேர்ந்தது வைத்தியசாலையையே. அருந்திக் காட்டியது மக்களுக்காக, சிகிச்சை பெற்றது தமக்காக என்பதன்றி இதற்கு வேறு பொருள் யாது?

இந்த இரட்டை நிலையே கண்டனத்திற்குரியது. படுவான்கரைப் பரிகாரியாரைப் பரிகசிப்பது எளிது. போர்க்காலத்தில், வாவியைக் கடப்பதே அரிதாயிருந்த இரவுகளில், நோயாளிக்குக் கதவு திறந்தவர் அவரே. வைத்தியசாலை எட்டாத் தொலைவில் இருந்ததற்கு அவர் பொறுப்பாளி அல்லர். பொறுப்பாளிகள் வேறு. தம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் நகரத்து நிபுணரை நாடிச்சென்று, மறுநாள் மேடையேறி 'நம் மந்திர மரபு விஞ்ஞானத்திற்கு அப்பாற்பட்டது' என முழங்கும் பட்டதாரிகளே அவர்கள். அவர்களுடைய சொல்லை நம்பிக் கடிபட்ட மகனை வீட்டிலே வைத்திருப்பவள் ஓர் ஏழைத்தாய். பண்பாட்டுப் பெருமை அவர்களுக்கு, பிணம் அவளுக்கு.

பல்கலைக்கழகம் செய்யத்தக்கது பெரிதொன்றன்று. மாணவர் ஏடொன்றுடன் ஊருக்குச் செல்லட்டும். கடிபட்டவர் எத்தனைபேர், எப்பாம்பு, எத்தனை மணிநேரத்தில் எங்கே சென்றனர், எவர் பிழைத்தனர், எவர் இறந்தனர் என்பவற்றை எழுதட்டும். பரிகாரியாரையும் அருகிருத்தி எழுதட்டும். மந்திரத்திற்கு ஆற்றல் உண்டெனின் அக்கணக்கு அதனைக் காட்டும், அஞ்சவேண்டியதில்லை. இல்லையெனின், அடுத்த நோயாளியை முதலில் வைத்தியசாலைக்கு அனுப்புமாறு சொல்பவர் அப்பரிகாரியாராகவே இருத்தல் கூடும். இறந்தவருடைய பெயரும் எழுதப்படும் ஏடு ஒன்று இம்மண்ணில் தொடங்கப்படும் நாளிலேயே மந்திர நாடு என்னும் பழி நீங்கும்.